சேகரின் கம்பளியும் என் முட்டியும்

மாசி மாதம், சனிக்கிழமை, 1982

திங்கட்கிழமை ஏற்காட்டுக்குச் சைக்கிளில் கிளம்புகிறோம். சாமான் ஏற்றினால் வண்டி தாங்குமா என்று பார்க்க, இன்று நானும் சேகரும் மூட்டையோடு நம் ஊர் மலையை ஒரு சுற்று சுற்றினோம். அடி அண்ணாமலையில் சேகர் இறங்கிவிட்டான். செயின் லூசாம். செயின் நன்றாகத்தான் இருந்தது. அவனுக்குத்தான் இளைப்பு, மூச்சு விசிலடித்தது. அதைச் சொன்னால் கூச்சப்பட்டுப் பயணத்தையே விட்டுவிடுவான். ஒரு வருஷமாக இதே பேச்சாக இருக்கிறவன்.

"எனக்கு முட்டி வலிக்குதுடா. ஏற்காடு மலையில தள்ளிக்கினுதான் போவணும்" என்றேன்.

"அதுக்கென்னடா, தள்ளிக்கினே போலாம்" என்றான். முகம் தெளிந்துவிட்டது.

சாயங்காலம் அவன் வீட்டில் மூட்டை கட்டும்போது தன் கம்பளியை உருவி வெளியே போட்டான். அந்த இடத்தில் ஒரு பெரிய தைல பாட்டிலை வைத்தான்.

"வெயிட்டு ஜாஸ்தி ஆவுது. குளிரெல்லாம் என்னை ஒண்ணும் பண்ணாது. உன் முட்டிதாண்டா முக்கியம்."

மடையன். அந்தக் குளிரில் அவன் நெஞ்சு என்ன ஆகும்? வீட்டுக்கு வந்ததும் என் மூட்டையில் இன்னொரு கம்பளியைத் திணித்துவிட்டேன்.

காலையில் தைலம் தேய்த்துவிட வருகிறானாம். நான் வலது முட்டி என்று சொன்னேனா, இடதா?