நாற்காலியில் துடுப்புப் போட்டவன்

அன்பு மகன் நௌஃபலுக்கு, பாபா சொல்லச் சொல்ல உன் அக்கா ஜலீலா எழுதுவது. உன் உம்மாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம், அல்லாஹ்வுக்கே புகழ். லியோன் குளிரில் நீயும் மருமகளும் இருமாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் துஆ.

பின்னாளில் இது எந்த வருஷம் என்று யாராவது உன்னைக் கேட்டால், ஆலிவ் மரங்கள் காய்க்க மறந்த வருஷம், துறைமுகத்துத் தூக்குப்பாலம் மேலேயே சிக்கிக்கொண்டு ஒரு கல்யாணத்து மாப்பிள்ளை வீட்டார் அக்கரையிலேயே இரவு தங்கிய வருஷம், மழைத்தண்ணீர் நம் சந்துக்குள் வந்து ரொட்டிக்கடை அடுப்பை அணைத்த வருஷம், அப்போதுதான் உன் அக்காவைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள் என்று சொல். பயந்துவிடாதே, முடிந்துவிட்டது. நேற்று முடிந்தது. அவள் என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள், இதையெல்லாம் எழுதணுமா பாபா என்று கேட்கிறாள், எழுது என்கிறேன்.

அவள் வேலை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். காலையில் ரேடியோ கேட்டபடி காப்பி ஆறும்வரை சும்மா இருப்பாள், மதியத்துக்குள் பத்திரிகைக்குக் கேலிப்படம் போய்ச் சேர வேண்டும், பத்திரிகை ஆசிரியர் மொன்ஸெஃப் போன் போட்டு அந்த வயிற்றைக் கொஞ்சம் குறை, அந்தக் கொடியை எடுத்துவிடு என்பார், இவள் சரி என்று சொல்லிவிட்டு வயிற்றை இன்னும் பெரிதாக்குவாள். இத்தனை வருஷமாகியும் வாசகர்கள் மதிப்பிற்குரிய ஐயா என்றுதான் எழுதுகிறார்கள். பெண் வரைகிறாள் என்றால், வீட்டுக்காரர் யோசனை சொல்வாரா என்று கேட்கிறார்கள். போன மாதம் தண்ணீர் வந்ததும் ஒரு படம் போட்டாள். வெள்ளத்தின் நடுவே ஒரு பெரிய சாய்வு நாற்காலி, அதில் காதில் மல்லிகைச் செண்டு செருகிய குள்ளமான ஆள் ஒருவன், காப்பிக் கரண்டியால் துடுப்புப் போடுகிறான், சுற்றிலும் மக்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார்கள். ஒரு எழுத்துகூட இல்லை, அதனால் நானே படித்துவிட்டேன்.

அந்த ஆள் அவள் படங்களில் பல வருஷமாக வருகிறவன்தான், கோடையில் ஊர் ஆண்கள் செருகுவதுபோல் அவனுக்கும் செண்டு வைத்தவள் பழக்கத்தில் மழைக்காலத்திலும் வைத்துவிட்டாள். இங்கே குளிரில் மல்லிகை ஏது? நம் ஊரில் குளிரிலும் காதில் பூவோடு திரிகிறவர் ஒரே ஒருவர், நகராட்சியில் வடிகால் பொறுப்பில் இருக்கும், ஊரே மரியாதைக்குச் ‘சி’ சேர்த்துக் கூப்பிடும் சி லாமின், பெண்டாட்டி துணியில் செய்து கொடுக்கிற பூ. படம் வந்த அன்று காப்பிக்கடையில் அவர் நுழைந்ததும் ஒருத்தன், வழி விடுங்கடா, கப்பல் வருது என்றான். இன்னொருத்தன், சி லாமின், கரண்டிய மறந்துட்டீங்களே, இந்தாங்க என்று நீட்டினான். மறுநாளே பதவியில் இருப்பவரை அவமதித்ததாகப் புகார் கொடுத்துவிட்டார்.

வக்கீல் சிறைகூட வரலாம் என்றார். மொன்ஸெஃப் வீட்டுக்கே வந்து, ஜலீலா, அது அவர்தான்னு ஒத்துக்கிட்டு ரெண்டு வரி மன்னிப்பு எழுதிக் குடு, கொஞ்ச காலம் படம் வேணாம், எல்லாரும் மறந்துடுவாங்க என்றார். இவள், நான் வரையாத மனுஷன்கிட்ட எப்படி மன்னிப்புக் கேக்கிறது, அதுக்கப்புறம் ஊர்ல யார் கோவப்பட்டாலும் அவங்களத்தான் வரைஞ்சேன்னு ஒத்துக்கணுமே என்றாள். அப்படியானால் அது யார் என்று அவர் கேட்டார். இவள் காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும், ஏன் என்றும் தெரியும். கோர்ட்டில் அவளைக் கேட்பதற்கு முன் நான் எழுந்து, நீதிபதி அம்மா, அந்த ஆள் நான்தான் என்றேன்.

இவள், பாபா உக்காருங்க என்று கையைப் பிடித்து இழுத்தாள். நீதிபதி அம்மா சிரிக்காமல், எப்படிச் சொல்றீங்க பெரியவரே என்றார். நான் போய்ச் சாட்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை, குதிகால் பக்கம் மிதிபட்டு மடங்கிய செருப்பு விரலில் தொங்கியது, படத்திலும் அப்படியேதான் தொங்குகிறது. பக்கவாட்டில் திரும்பி மூக்கைக் காட்டினேன். இந்த மூக்கை எங்க உம்மாவும் எங்க வீட்டுக் கண்ணாடியும் என் மகளும் தவிர யாரும் இவ்வளவு உத்துப் பார்த்ததில்லம்மா என்றேன். அந்த அம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பனைமரம்போல் நிற்கும் சி லாமினைப் பார்த்து, ஐயா, இவர்ல எது நீங்க என்று கேட்டார். அவர் பாவம் நெடுநேரம் படத்தையே பார்த்தார். பூ மட்டும் என்னோடது என்றார். வாசலில் நின்ற காவலர்கூடச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, போகும்போது என்னிடம் வந்து, உங்களுக்குக் கோவம் வரலையா திஜானி என்று மெதுவாகக் கேட்டார். முதல் படத்தில் வந்தது, பிறகு எந்தப் படத்தில் நான் இல்லையோ அன்றைக்குத்தான் வருகிறது என்று சொன்னேன்.

வெளியே வந்து இவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். எப்பலேர்ந்து தெரியும் பாபா என்றாள். எனக்கு எழுத்துதாம்மா தெரியாது, என் மூக்கு தெரியாதா என்றேன். படம் அனுப்பும் நேரம் நெருங்கும்போது வேறு முகமே கைக்கு வருவதில்லை, எந்தத் திமிர் பிடித்தவனை நினைத்தாலும் நீங்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறீர்கள் என்றாள். பிறகு இருவரும் சிரித்தோம். நேற்று மாலை முட்டையை மாவில் மடித்துப் பிரிக் பொரித்தோம், உம்மா நாலு தின்றாள்.

இன்று மொன்ஸெஃப் போன் செய்தார், நாளைக்குப் படம் வேண்டுமாம், இவளும் சரி என்றுவிட்டாள். அதனால் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறாள். மருமகளைத் தனியாகப் பளு தூக்க விடாதே. அக்கா கேட்ட கறுப்பு மையை யாரிடமாவது கொடுத்துவிடு, மறந்துவிடாதே. உன் வீட்டில் பரக்கத் குறையாதிருக்கட்டும், உன் பிள்ளைகள் உன் கண்ணைக் குளிரவைக்கட்டும்.

மகனே, கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவர்கள் யார் யார் என்று நேற்று இவளிடம் கேட்டேன். கூடையைத் தலையில் வைத்திருப்பது உன் ஹபீபா அத்தை, மீசை நனையாமல் பிடித்திருப்பது உன் ரிதா மாமா, ஆட்டைத் தோளில் சுமப்பது கசாப்புக் கடை ஸாதொக், சண்டை போடுவது அடுத்த வீட்டு மன்னூபியா. எல்லோரும் இந்த வெள்ளத்துக்கு வெகுகாலம் முன்பே மண்ணுக்குப் போய்விட்டார்கள், அல்லாஹ் அவர்கள்மேல் கருணை செய்யட்டும். அந்தப் படத்தில் இன்னும் மூச்சோடு இருப்பவன்,

உன் பாபா திஜானி.