எலும்புச் சிமெண்ட் சுமந்த ஐந்து நாள்

நேற்று வண்ணார்பேட்டையில் ஓர் அழகு நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்துக்காக என் மகளுக்குச் செயற்கை நகம் ஒட்டினார்கள். அந்தப் பெண் ஒரு சிறு புட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய வாடையில் எழுந்தே நின்றுவிட்டேன். நீயும் நானும் ஆராய்ச்சி செய்த ஆய்வுக்கூடத்து வாடை. எலும்புச் சிமெண்ட் குழைக்கும் திரவத்துக்கு இது கூடப்பிறந்த தங்கச்சி. "கதவத் தொறந்து வைங்கம்மா, இத ரொம்ப மோந்து பாக்கக் கூடாது" என்று பாடம் எடுத்தேன். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். நீ இருந்திருந்தால் புட்டியைப் பிடுங்கி லேபிளைப் படித்திருப்பாய். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

உவரியில் மீன் விற்ற உன் அம்மாவுக்கு நம் ஆராய்ச்சியை நீ விளக்கியது நினைவிருக்கிறது. மூட்டு மாற்றும்போது உலோகத்தை எலும்போடு பிடித்து நிறுத்த ஒரு சிமெண்ட் வைக்கிறார்கள். கிருமி வராமலிருக்க அதில் மருந்தும் கலப்பார்கள். ஆனால் கொஞ்சம் மருந்து முதல் சில நாளிலேயே ஓடிவந்துவிடும், மிச்சம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். நாம் மருந்தை நானோ துகள்களில் ஏற்றிச் சிமெண்டில் கலந்தோம், பைய பைய வரட்டும் என்று.

"கருவாட்டத் தண்ணில போட்டா மொதத் தண்ணி கரிக்கும்லா? அப்புறம் சப்புனு போயிரும். எங்களுக்குக் கடைசித் தண்ணியும் கரிக்கணும்மா" என்றாய்.

"இதுக்கா இத்தன வருசப் படிப்பு?" என்றார் அம்மா.

பன்னிரண்டு சிறு புட்டிகளில் உப்புநீர், ஒவ்வொன்றிலும் ஒரு சிமெண்ட் வில்லை. உடம்புச் சூட்டில் ஆறு வாரம் வைத்து, தினமும் நீரை மாற்றி, எடுத்த நீர் கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்க வேண்டும். நாலாவது வாரம் மழை கொட்டியது. கல்லூரி டிரான்ஸ்பார்மர் கருகியது. ஜெனரேட்டர் அறைக்குள் முழங்கால் தண்ணீர். புட்டிகளைச் சூட்டில் வைத்திருந்த இன்குபேட்டர் ஆறத் தொடங்கியது. நான் அழுதேன்.

"அழாதட்டி. மனுச ஒடம்புச் சூடுதான வேணும்? நாம என்ன பொணமா?" என்றாய். பழைய பாவாடையைக் கிழித்துப் பன்னிரண்டு பை வைத்த பட்டை தைத்தாய். எனக்கு இடுப்பே இல்லை என்று சொல்லி உன் வயிற்றிலேயே கட்டிக்கொண்டாய். ஐந்து நாள் அதோடுதான் தூங்கினாய். உன் சித்தி மகள் கல்யாணம் இடையில் வந்தது. நம் ஆய்வுக்கூடத்தில் குலுக்கும் எந்திரம் இல்லாத குறையை உவரிப் பேருந்து தீர்த்துவைத்தது.

பந்தியில் உன் அத்தை உன் வயிற்றையே பார்த்தார். கடைசியில் கேட்டேவிட்டார். "எத்தனட்டி ஆச்சு?"

நீ பாயசத்திலிருந்து தலை தூக்காமல், "நாலாவது வாரம் அத்த. இன்னும் ரெண்டு வாரம் கெடக்கு" என்றாய்.

"ஆளு யாரு?"

"இவளும் நானும் சேந்து செய்யுதோம்" என்று என்னைக் காட்டினாய்.

உன் அம்மா உன்னை மண்டபத்துக்குப் பின்னால் இழுத்துப்போய்ச் சேலையை விலக்கிப் பார்த்தார். புட்டிகளைக் கண்டதும் தரையில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார். "ஏட்டி, சாராயமா கடத்துத?"

மின்சாரம் வந்த அன்று நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். "கரண்ட் போகலன்னே எழுதிருவோம்ட்டி. யாருக்குத் தெரியும்?"

"நாளைக்கு யாரு மூட்டுக்குள்ளயோ போற சாமான். உள்ளத எழுது" என்றாய்.

எழுதினாய். உன் வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "இந்த ஐந்து நாளும் எந்த இன்குபேட்டர்?"

"நான்தான் சார்."

அவர் முகம் மாறாமல், "காய்ச்சல் ஏதும் இருந்ததா?" என்றார்.

"இல்ல சார். கல்யாணச் சாப்பாடு கொஞ்சம் கூடுதல்."

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், ஆறு வாரத்தையும் மறுபடி செய்யச் சொல்லிவிட்டார். என் ஆய்வும் அதே எண்களில்தான் நின்றது. மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நாலாம் நாள் இருவரும் மறுபடி சிமெண்ட் குழைத்தோம். சாதாரணச் சிமெண்ட் சீக்கிரமே ஓய்ந்தது. நம்முடையது ஆறாம் வாரத்திலும் கிருமியைக் கொன்றது. "கடைசித் தண்ணியும் கரிச்சிட்டுட்டி" என்று நீ கிருமி வளர்க்கும் தட்டைத் தூக்கிக் காட்டினாய்.

ஈரலில் கட்டி என்று தெரிந்த பிறகும், மருத்துவமனையில் டிரிப் சொட்டை எண்ணி நர்சுக்குக் கணக்கு கொடுத்தவள் நீ.

போன மாதம் என் மாணவி ஒருத்தி, ஆய்வுக்கூடத்துக்கே வராத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அழகான ஓர் எண்ணை எழுதியிருந்தாள். கேட்டதும் அழுதாள். உன் புட்டிக் கதையை முழுவதும் சொன்னேன், பொய் எழுதச் சொன்னது நான் என்பதையும் சேர்த்து. அவள் எண்ணை அடித்துவிட்டு, "அத்தை வீட்டு விருந்து. அளக்கவில்லை" என்று எழுதினாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"அந்த மேடம் இப்ப எங்க இருக்காங்க? பாக்கணும் போல இருக்கு" என்றாள்.

"உவரியில" என்றேன்.

உள்ளதை உள்ளபடி எழுது என்று அரைமணி நேரம் பேசியவள், கல்லறையில் என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டேன்.