உள்ளங்கைப் பூனையைப் பழித்த குற்றம்

மழையும் முறையும் பிழையாத கடம்பவெளி நாட்டுக்கு நலமே பெருகுக. யானைக்கொடி உயர்த்தி அரசு வீற்றிருக்கும் நெடுமுடிக்கோ வேந்தர் திருமுன், செந்நாவல் நாட்டு அமைச்சன் தேவங்கிழான் வணங்கி விடுக்கும் ஓலை. வேந்தரும் தேவியாரும் நலமென்று நம்புகிறோம். இங்கு நலமில்லை, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லவே இவ்வோலை.

தங்கள் தூதர் கொற்றங்குமரனார் நிச்சயத் தாம்பூலத் தட்டோடு எங்கள் சபைக்கு வந்தார். தங்கள் இளவரசர் இளவெயினருக்கு மணம் பேசிய எங்கள் இளவரசி நறுங்கோதையார், தட்டை வாங்க இரு கையும் நீட்டினார். வலக்கையில் மருதோன்றியால் எழுதிய பூனை. இடக்கையில் முல்லை படர்ந்த வாயிற்படி. கைகளைச் சேர்த்தால் பூனை படியில் வந்து அமரும். தலைவன் வரவுக்காக ஒருத்தி காத்திருக்க, ஊரெல்லாம் உறங்கிய பின்னும் அவளோடு விழித்திருக்கும் பூனையைப் பாடிய பழம்பாட்டின் சித்திரம் அது.

தூதர் அதைக் கண்டதும் முகம் சுளித்துத் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பூனை குறுக்கே போனால் வெளியே கிளம்பியவனே வீடு திரும்புவான், அதைக் கையிலேயே ஏந்தி வரும் பெண்ணை எங்கள் அரண்மனை எப்படி ஏற்கும் என்று நிறைந்த சபையில் வாய் கூசாமல் கேட்டார். புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்து அழிக்கச் சொன்னார். மருதோன்றி அழுக்கன்று, தேய்த்தால் தோல்தான் போகும் என்று சித்திரம் எழுதிய செம்மலர் பணிந்து கூறினாள். அப்படியாயின் சாயம் வெளிறட்டும், பிறகு முகூர்த்தம் பார்ப்போம் என்று சொல்லி, நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, அவர் எழுந்து போனார்.

வேந்தே, எங்கள் நாட்டு வழக்கத்தை மணம் பேசிய அன்றே தெரிவித்திருந்தோம். நிச்சய மருதோன்றி சிவந்திருக்கும்போதே மணமகன் வந்து அவள் கையைப் பற்ற வேண்டும். சாயம் முற்றும் வெளிறினால் பேசிய பேச்சும் முறிந்தது. பெண் யாருக்கும் கட்டுப்பட்டவள் அல்லள். வெளிறட்டும் என்று தங்கள் தூதர் சொன்னது, தங்கள் பெயரால் இம்மணத்தை முறித்ததற்கே சமம். தெரிந்து சொன்னாரெனில் அது துரோகம். தெரியாமல் சொன்னாரெனில் அவரைத் தூது அனுப்பியது யார் பிழை?

பூனை அத்தனை ஆகாதெனில், கடம்பவெளியின் நெற்களஞ்சியங்களில் எலி பிடிப்பது எதுவோ, அறியோம். அங்கு பால் வைத்து வளர்ப்பது, இங்கு எங்கள் பெண்ணின் கையில் ஏறினால் மட்டும் அபசகுனமா?

இன்னுமொன்று. சென்ற வேனில் விழாவில் அந்தப் பாட்டைப் பாடியவர் தங்கள் இளவரசரே. நிச்சய நாளில் அப்பூனையைக் கையில் எழுதிக்கொள்ளுமாறு இளவரசியாரிடம் வேண்டியவரும் அவரே. நறுங்கோதையார் இதைச் சபையில் ஒரு சொல் சொல்லியிருந்தால் தூதர் வாயடைத்துப் போயிருப்பார். ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு யாம் கேட்டதற்கு, அவர் பாடியதை அவரே வந்து சொல்லட்டும், அவருக்காக நான் வாதாட மாட்டேன் என்று கூறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முதல் அவர் சரியாக உண்பதில்லை. நீர் பட்டால் சாயம் விரைந்து போகுமென்று கையும் நனைப்பதில்லை, செம்மலரே ஊட்டுகிறாள். எம் கோபத்துக்கு மருந்தில்லாமல் செய்தது இந்தக் காட்சிதான்.

ஆகவே வேந்தர் அறிக. பரிகாரமாகப் பொன்னும் வேண்டா, பட்டும் வேண்டா, வேறு தூதரும் வேண்டா. இளவரசர் தாமே புறப்பட்டு வந்து, பூனை எழுதிய அந்தக் கையைச் சபையறியப் பற்றுக. வர மனமில்லையெனில் ஓலைக்கு மறுமொழியும் எழுத வேண்டா, சாயமே சொல்லிவிடும்.

நாவலிலை முத்திரை இட்டோம். ஓலை கொண்டு வரும் குதிரைக்குத் தண்ணீர் காட்டி, அன்றே திருப்பி விடுக. முத்திரை இடுமுன் இளவரசியாரின் கையைப் பார்த்து வந்தோம். பூனையின் வால் வெளிறிவிட்டது. கண் மட்டும் இன்னும் சிவந்து, வாயிற்படியில் விழித்திருக்கிறது.