பிக்கப் வாங்குவது குறித்து

மார்ச் 4

அன்புள்ள சர்வேக்கு,

ஞாயிறு காலை பத்தேகாலுக்கு, நம் வீட்டுச் சமையலறையில், ஒருவர் மட்டுமே கலந்துகொண்ட கூட்டத்தில், பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்குவது பற்றி யோசிக்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. எதிர்த்தவர் எவருமில்லை. எதிர்க்கக்கூடியவர் பிப்ரவரி ஒன்றாம் தேதியிலிருந்து வேறு ஊரில் இருக்கிறார்.

நீ சொன்னபடி போன் செய்யவில்லை. "போன்ல நீங்க 'ம்'முனு மட்டும்தான் சொல்வீங்க. எழுதுங்க, ஒரு வாக்கியத்தையாவது முடிச்சாகணும்" என்று பஸ் ஏறும்போது சொன்னாய். இதற்குள் ஐந்து முடித்துவிட்டேன்.

வண்டி எங்கள் குடிநீர் வாரிய அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் செடி நர்சரியில் நிற்கிறது. வயது நாற்பதுக்கு மேல். ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். 'விற்பனைக்கு' என்ற அட்டை ரோஜாச் செடிகளுக்கும் அதற்கும் நடுவில் தொங்குவதால், எதைச் சொல்கிறது என்று கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பதினான்கு வருடமாக அலுவலகக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுகிறவனுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? நீ விபத்து வண்டிகளைப் பார்த்து எது உடைந்தது, எது முன்பே உடைந்திருந்தது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு சர்வே எழுதிக் கொடுப்பவள். பழைய பிக்கப் வாங்குகிறவன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விவரமாக எழுது. சுருக்கம் வேண்டாம்.

மாடி வீட்டுக்காரர் நேற்று, "மேடம் டூர்ல இருக்காங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உன்,
குறிப்பு

*

மார்ச் 9

அன்புள்ள குறிப்புக்கு,

கல்யாணமாகி ஆறு வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதியிருக்கும் முதல் கடிதம் ஒரு பிக்கப்பைப் பற்றியது. வருத்தமில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். மட்கார்டு, கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்கு மேலே வளையும் இடம், எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் தகரம். ஒட்டாமல் விழுந்தால் துரு தின்ற ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துப் பூசியிருக்கிறார்கள். ஓரிடத்தில் இருந்தால் பரவாயில்லை. பத்திடத்தில் இருந்தால் நீங்கள் வாங்குவது பட்டி.

பிறகு கீழே படுங்கள். நின்றுகொண்டு பழைய வண்டி வாங்கியவர்கள் எல்லோரும் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். சேசிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். டிங் என்றால் சரி, பொத் என்றால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுங்கள். சேசிஸில் அடித்திருக்கும் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். அதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் பட்டி, துரு என்று எழுதினால் அது பட்டியையும் துருவையும் பற்றித்தான். வேறெதையும் அதில் படித்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. பிரின்டிங் பிரஸ்ஸுக்கு மேல் அறை. பகல் முழுக்கத் தரை லேசாக ஆடுகிறது. பழகிவிட்டது.

நான் டூரில் இல்லை. அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சர்வே

*

மார்ச் 16

அன்புள்ள சர்வேக்கு,

வீட்டில் இருந்த ஒரே காந்தம் பிரிட்ஜில் ஒட்டியிருந்த வாத்துதான். அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனேன். நர்சரிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"செக் பண்றேன்."

"வாத்த வச்சா?"

வாத்து எல்லா இடத்திலும் ஒட்டியது. இடது முன் மட்கார்டில் மட்டும் மூன்று முறை விழுந்தது. நர்சரிக்காரர் தானாகவே ஒப்புக்கொண்டார். "அது என் மச்சான் கேட்ல இடிச்சது சார். வண்டி மேல தப்பில்ல. கேட் மேலயும் தப்பில்ல."

பிறகு செய்தித்தாளை விரித்துக் கீழே படுத்தேன். பதினோரு இடத்தில் குத்தினேன். பதினோரு டிங். நம்பரை ஏழு முறை ஒப்பிட்டேன், ஏழு முறையும் சரி. வெளியே வரும்போது சட்டை எதிலோ மாட்டிக்கொண்டது. நர்சரிக்காரர் என் இரண்டு காலையும் பிடித்து இழுத்தார். "டாக்டர்கூட இவ்ளோ நேரம் தட்டிப் பார்க்க மாட்டாரு சார்" என்றார்.

அடுத்து என்ன பார்க்க வேண்டும்? இன்ஜின் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

மாடி வீட்டுக்காரரை இன்னும் பார்க்கவில்லை. அவர் வரும் சத்தம் கேட்டால் நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன்.

உன்,
குறிப்பு

*

மார்ச் 21

அன்புள்ள குறிப்புக்கு,

வாத்தைப் படித்து ஆபீஸில் சிரித்துவிட்டேன். என்ன என்று கேட்டார்கள். கேஸ் ஃபைல் என்றேன்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். போனவுடன் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார். மறுநாள் சொல்லாமல் போங்கள். ஸ்டார்ட் ஆனதும் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். வெள்ளையாக வந்து கலைந்தால் கவலையில்லை. நீலமாக வந்தால் ஆயிலைக் குடிக்கிறது. ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள், பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. எல்லா கியரும் போட்டு ஓட்டிப் பாருங்கள். உங்களுக்கு ஓட்டத் தெரியும் என்பதை நினைவுபடுத்துகிறேன்.

இரண்டு விஷயம். என் வீட்டுக்காரருக்கு, அதாவது இந்த அறைக்குச் சொந்தக்காரருக்கு, அடுத்த தெருவில் இரண்டு வீடு காலியாகிறது. ஒன்றில் இரண்டு அறை, இன்னொன்றில் ஒரே அறை. எது வேண்டும் என்று ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் சொல்லச் சொல்கிறார். ஒருவருக்கு ஒரு அறை போதும்.

எனக்கு மாற்றல் வந்தபோது, கூட வருகிறீர்களா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றீர்கள். பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?

வண்டியை வாங்கி எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

சர்வே

*

மார்ச் 30

அன்புள்ள சர்வேக்கு,

பானெட் சூடாகத்தான் இருந்தது. மறுநாளும் சூடு. நர்சரிக்காரர் நல்ல மனுஷர், விருந்தாளி வருகிறார் என்று அடுப்பு மூட்டுவது போலத் தினமும் எனக்காக ஸ்டார்ட் செய்து வைக்கிறார். மூன்றாம் நாள் விடிந்தவுடன் போய்விட்டேன். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

பானெட் குளிர்ச்சி. இரண்டாவது முயற்சியில் கிளம்பியது. புகை வெள்ளைக்கும் சாம்பலுக்கும் இடைப்பட்டது. ஒரு நிமிடத்தில் கலைந்தது. நீலம் என்று சொல்ல முடியாது. சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம். ஆயில் கறுப்பு, பால் இல்லை. நர்சரிக்குள் நான்கு சுற்று ஓட்டினேன். இரண்டாவது கியரில் ஒரு கறகறப்பு. பின் அச்சிலிருந்து ஒரு முனகல், ஆனால் அது நானாகவும் இருக்கலாம்.

இதை எழுத்தில் விளக்கத் தெரியவில்லை. நர்சரிக்காரரின் போன் நம்பரைக் கீழே தருகிறேன். நீயே கேட்டுக்கொண்டால் உறுதியாகத் தெரியும்.

மற்ற விஷயங்கள் கவனத்தில் கொள்ளப்பட்டன. விரிவாகப் பின்னர்.

உன்,
குறிப்பு

*

ஏப்ரல் 6

அன்புள்ள குறிப்புக்கு,

அவரிடம் பேசினேன். வண்டியை ஓட்டிக்கொண்டே போனைப் பின் சக்கரத்துப் பக்கம் பிடிக்கச் சொன்னேன், மச்சான் பிடித்தார். கறகறப்பு சின்ன வேலை. முனகல் வண்டியுடையது இல்லை.

வண்டி நன்றாக இருக்கிறது. என் வேலையில் இந்த வார்த்தையை வருடத்துக்கு இரண்டு முறைதான் எழுதுகிறேன். வாங்கிவிடுங்கள்.

"சார் ஒன்பது வாட்டி வந்துட்டாரும்மா. வர்றாரு, டயரத் தடவிக்குடுக்குறாரு, போயிடுறாரு. வாங்குவாரா மாட்டாராம்மா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் வரவில்லை. கவனத்தில் கொள்ளப்பட்டது என்பது பதில் இல்லை. அதை யாருக்கு எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுப்பவர்களுக்கு எழுதுவீர்கள்.

சர்வே

*

ஏப்ரல் 15

அன்புள்ள சர்வேக்கு,

வாங்கவில்லை. இன்னும் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கும். நாற்பது வயது வண்டியில் இல்லாமல் போகுமா? வைப்பரைப் பற்றி நீ ஒன்றுமே சொல்லவில்லை. ரேடியேட்டர் இருக்கிறது, கதவின் கீல் இருக்கிறது, கண்ணாடியைச் சுற்றி ரப்பர் இருக்கிறது. எதையாவது எழுது. வைப்பர் என்ற ஒரே சொல்லை எழுதி அனுப்பினாலும் போதும்.

உண்மையைச் சொல்கிறேன். வாங்கிவிட்டால் நீ எழுத வேறு காரணம் இல்லை. வாங்க மாட்டேன் என்று சொன்னாலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. இவ்வளவு வருடத்தில் நான் கண்டுபிடித்த ஒரே தந்திரம் இதுதான். அது வேலை செய்தது எனக்கே ஆச்சரியம்.

இப்போதெல்லாம் ஆபீஸ் விட்டதும் நேராக நர்சரிக்குப் போய் அந்த வண்டியில் உட்கார்கிறேன். வீட்டில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்துவிடுகிறேன். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் எதிரே இன்னொன்று இருக்கிறது. நேற்று நர்சரிக்காரர், "பஸ் ஸ்டாண்டுலகூட யாரும் இப்டி உக்காந்திருந்து பார்த்ததில்ல சார்" என்றார்.

அவர் போன பிறகு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தேன். ஹாரன் அடித்துவிட்டது. செடி வாங்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையை உடனே எடுக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருந்தது. ஹாரன் நல்ல நிலையில் இருக்கிறது என்று பதிவு செய்துகொள்.

எழுது.

உன்,
குறிப்பு

*

ஏப்ரல் 20

அன்புள்ள குறிப்புக்கு,

வைப்பர் சுலபமாக மாற்றக்கூடியது. ரப்பரும் கீலும் அப்படியே. இதற்கு மேல் அந்த வண்டியில் பார்க்க ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தை மேசை டிராயரில் வைக்காமல் கைப்பையில் வைத்திருக்கிறேன். இதையும் நீங்கள் கவனத்தில் கொள்ளலாம்.

உட்கார்ந்து சாப்பிடுங்கள். இன்னும் பத்து நாள் இருக்கிறது.

சர்வே

*

ஏப்ரல் 27

அன்புள்ளவளே,

வருகிறேன்.

வண்டி எதற்கு என்று கேட்டாய். உன் ஊருக்கு வரத்தான். நம் வீட்டில் இருப்பதையெல்லாம் அதில் ஏற்றிக்கொண்டு உன் பிரஸ் வாசலில் நிறுத்த வேண்டும் என்று அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே நினைத்தேன். அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை. அதனால்தான் கேட்காமலே இருந்தேன்.

அங்கே எனக்கு வேலை கிடைக்குமா தெரியாது. கிடைக்காவிட்டாலும் வருகிறேன். உன் அறை ஆடினால் நானும் ஆடிக்கொள்கிறேன். இரண்டு அறை வீட்டை எடு.

இரண்டு நாளாக வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். நர்சரிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், நனைந்த செடிக்கே தண்ணீர் ஊற்றுகிறார். என் மேல் அலுத்துப்போயிருப்பார். சனிக்கிழமை போய் வாங்கிவிடுகிறேன்.

மாடி வீட்டுக்காரரிடம் நீ டூரில் இல்லை என்று சொல்லிவிட்டேன். "தெரியும் சார்" என்றார்.

உன்னுடைய நான்

பி.கு.: எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தின் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் படித்து உறுதி செய்த பிறகுதான் வெளியே அனுப்புவோம். அந்தப் பழக்கத்தில் இதை மூன்று நாள் வைத்திருந்து மறுபடி படித்தேன். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இன்று 30. தபாலில் சேர்க்கிறேன்.

*

மே 4

அன்புள்ள குறிப்புக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. படித்து அழுதேன். பின்குறிப்பைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது.

ஏப்ரல் 25 அன்று நர்சரிக்காரர் எனக்குப் போன் செய்தார். பழைய இரும்புக்காரர் வந்து நிற்கிறார், உடைக்கக் கேட்கிறார், சாரை இனியும் நம்பலாமா என்று கேட்டார். நல்ல வண்டி உடைபடுவதை என்னால் பார்க்க முடியாது. நானே வாங்கிவிட்டேன். 30ஆம் தேதி வரை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வண்டி கைவிட்டுப் போகிறதே என்று நீங்கள் முடிவெடுத்தால் அது வண்டியைப் பற்றிய முடிவாகத்தான் இருக்கும். 30க்குள் உங்கள் கடிதம் வந்திருந்தால் சாவியை உங்களிடம் கொடுக்கச் சொல்லியிருந்தேன்.

போன் செய்ய வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். அந்தத் தவறு என்னுடையது. ஆனால் விடுமுறைகளோடு நான்கு நாள் தபாலுக்கு, மூன்று நாள் உங்கள் கையில். 27ஆம் தேதியே போட்டிருந்தால் 30க்குள் வந்திருக்கும். தபால்காரர் மேல் எனக்குக் கோபமில்லை.

வருகிறேன் என்று எழுதிவிட்டு, அது சரியா என்று மூன்று நாள் பார்த்திருக்கிறீர்கள். ஆறு வருடம் நான் அந்த மூன்று நாளுக்குள்தான் குடியிருந்தேன். மறுபடி அங்கே குடிவர முடியாது. கோபத்தில் எழுதவில்லை. இதையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

30ஆம் தேதி தபாலையும் பார்த்துவிட்டு, அன்று மாலை ஒரு அறை வீட்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நர்சரிக்காரரும் அவர் மச்சானும் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். என் மேசை, இரும்பு பீரோ, தையல் மெஷின், புத்தகப் பெட்டி இரண்டு. பீரோவைப் படுக்க வைத்து ஏற்றச் சொல்லுங்கள். வண்டியின் பின்பக்கம் உள்ளளவு ஆறடி. கட்டில் ஆறேகால் அடி. பின்கதவு மூடாது. கட்டில் அங்கேயே இருக்கட்டும்.

சர்வே