கரும்புகை நின்ற விதம்

லோஃபாங்கா தீவு,
ஞாயிறு, ஆராதனை முடிந்த பிற்பகல்.

அன்பு மகள் லெசியேலிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் அப்பாவின் இடது முழங்கால் மட்டும்தான் கூட வர மறுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஆக்லாந்துக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா, குழந்தைக்குக் கால் உறை போடாமல் தரையில் விடாதே. இந்த வருஷம் வள்ளிக்கிழங்கு பரவாயில்லை, கோயில் கூரையில் ஒழுகின இடத்தை அடைத்துவிட்டார்கள், உன் சித்தி பின்னத் தொடங்கிய பாய் இன்னும் முடிந்தபாடில்லை. எங்களுக்காக அறைக்கு வர்ணம் அடித்துக் கட்டில் போட்டிருப்பதாகவும் படகை யாருக்காவது கொடுத்துவிட்டு இரண்டு பேரும் புறப்பட்டு வந்துவிடும்படியும் எழுதியிருந்தாய். படித்துவிட்டு அப்பா கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் இங்கே நடந்ததைக் கேள்.

படகு கறுப்பாகப் புகைக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தேன் அல்லவா, அது வரவர மோசமாகி, ஆஸ்பத்திரியும் சந்தையும் இருக்கிற பாங்காய்க்கு ஆட்களை ஏற்றிப் போய்த் திரும்பினால் பின்பக்கம் முழுக்கக் கரி படிந்து, துவைத்த துணியோடு ஏறினவர்கள் அடுப்படியிலிருந்து வந்தவர்கள் மாதிரி இறங்கினார்கள். வேகமும் போய்விட்டது, எவ்வளவு கூட்டினாலும் எஞ்சின் முக்கிற்றே தவிர படகு நகரவில்லை. அப்பா அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார். "இதுக்கு வயசாயிடுச்சு தெலேசியா, நமக்கும்தான். விட்டுடுவோம்" என்றார். நான் விடுவதாக இல்லை. நம் படகு நின்றால் இந்தத் தீவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் சிறு தோணியில்தான் போகவேண்டும், அலை அடிக்கிற நாளில் அதுவும் கிடையாது. முழங்காலால் அவர் குனிய முடியாமல் போனதிலிருந்து எஞ்சின் அறைக்குள் இறங்குகிறவள் நான்தானே, அது சாகிற எஞ்சின் என்று என் கைக்குத் தோன்றவில்லை.

பாங்காய் மெக்கானிக் ஹோபாதேயைக் கேட்டேன், உனக்கு நினைவிருக்கும், பள்ளியில் உனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன். நல்ல பிள்ளை, பொறுமையாகச் சொன்னான். "அக்கா, வெள்ளையா வந்தா தண்ணியோ எரியாத டீசலோன்னு பாக்கணும், நீலமா வந்தா எஞ்சின் ஆயில குடிக்குதுன்னு அர்த்தம், கறுப்புன்னா டீசல் முழுசா எரியல. ஒண்ணு டீசல் அதிகமாப் போகுது, இல்ல காத்துப் பத்தல, அதுவும் இல்லன்னா அதால இழுக்க முடியாத சுமைய இழுக்குது" என்றான். துறையில் கட்டியிருந்த படகில் எஞ்சின் அறை மூடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்கி உட்கார்ந்து, டீசல் பீச்சுகிற இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்துச் சரிசெய்து மாட்டினான். ரேஸ் கொடுத்துப் பார்த்தால் மெல்லிசாகத்தான் புகை வந்தது. அப்பா முகத்தைக் கூட நான் பார்க்கவில்லை, அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஆனால் துறையை விட்டு வெளியே வந்து வேகம் எடுத்ததும் பழையபடி கரும்புகை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன், பிறகு புதிதே போட்டேன். சுமை என்று சொன்னானே என்று வற்றுநீரில் படகை மணலில் ஏற்றி, உன் சித்தி மக்களைக் கூப்பிட்டு அடியில் ஒட்டியிருந்த சிப்பியை எல்லாம் சுரண்டினோம், புரொப்பல்லரில் கயிறு எதுவும் சுற்றியிருக்கிறதா என்று நானே படுத்துப் பார்த்தேன். அது சுத்தமாக இருந்தது. புகை குறையவில்லை. கரையில் உட்கார்ந்திருந்த அப்பா, "இன்னும் எதைக் கழட்டுறதுக்கு மிச்சம் வெச்சிருக்க?" என்று கேட்டார். "உங்க வாயத்தான்" என்றேன், எல்லாரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் வாத்தியார் மனைவி இலைசானேக்கு நாள் நெருங்குமுன்னே காலையிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. தென்கிழக்குக் காற்று வேறு பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அப்பா துறையிலேயே நின்றுகொண்டு, "வழியில எஞ்சின் நின்னா அந்தப் பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். "போகலன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டேன். ஏறிச் சுக்கானைப் பிடித்துக்கொண்டார், அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. பாதிக் கடலில் புகை பின்னாலிருந்து சுழன்று அறைக்குள்ளேயே வர ஆரம்பித்தது. இலைசானே வலியிலும் விடவில்லை, "மாமி, என்னப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, மீன் மாதிரி புகை போட்டுக் காயவைக்கப் போறீங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அடுத்த வலிக்கு என் மணிக்கட்டை நெரித்த நெரிப்பில் இன்னும் நீலம் போகவில்லை. எஞ்சின் சத்தம் கம்மி, இறங்கி இறங்கிப் போயிற்று. சரி, உள்ளே பார்ப்போம் என்று மூடியின் வளையத்தைப் பிடித்துத் தூக்கினேன், வரவில்லை. முன்பும் ஓடும்போது அது கனமாகத்தான் இருந்தது, என் தோளுக்கு வயதாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவியோடு வந்திருந்த வாத்தியாரைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக இழுத்தோம். உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்து, பிறகு புஸ் என்று ஒரு பெருமூச்சோடு விட்டுக்கொடுத்தது. லெசியேலி, மூடி வந்த மாத்திரத்தில் எஞ்சின் குரலே மாறிவிட்டது. தண்ணீருக்குள் அமுங்கியிருந்தவன் தலையைத் தூக்கினால் எப்படி, அப்படி. படகு முன்னால் உந்தியது, அப்பா சுக்கானிலிருந்து திரும்பி, "என்ன பண்ணின?" என்று கத்தினார். பின்னால் பார்த்தால் புகை சாம்பல் நிறமாகி, பிறகு அதுவும் தெரியவில்லை. மூடியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, அலைத் தண்ணீர் உள்ளே விழாமல் வாத்தியாரும் நானும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, பாங்காய் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

வரும்போது நான் சும்மா வரவில்லை. மூடியைப் போட்டேன், கறுப்பு. எடுத்தேன், போயிற்று. மறுபடி போட்டேன், மறுபடி கறுப்பு. எஞ்சினுக்கு நோய் ஒன்றும் இல்லை, மூச்சுவிடத்தான் காற்று இல்லை என்று அப்போது தெரிந்துவிட்டது. ஹோபாதே பார்த்தபோதெல்லாம் மூடி திறந்திருந்தது, அதனால்தான் அவன் கண்ணில் படவில்லை. பிறகு அவனிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டு, "மூடியப் போட்டுட்டு எப்படிக்கா உள்ள வேலை பாக்குறது!" என்று அவன் சிரித்த சிரிப்பு துறை முழுக்கக் கேட்டது. ஊர் திரும்பியதும் காற்று எந்த வழியாக வரவேண்டும் என்று வெளிப்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே போனேன். இரண்டு பக்கமும் காற்றுத் துளை இருந்த இடத்தில் வர்ணத்துக்கு அடியில் விளிம்பு தட்டுப்பட்டது. ஒட்டுப்பலகை. போன புயலுக்கு முன்னால் கடல்நீர் உள்ளே அடிக்காமல் இருக்க அடித்தது, புயல் போனதும் எடுக்க மறந்து அதன்மேலேயே வர்ணமும் பூசியாகிவிட்டது. அப்பா நொண்டிக்கொண்டே வந்து ஆணியைப் பார்த்தார். "நான்தான் அடிச்சேன்" என்றார். நான் சுத்தியலைக் கேட்டேன். பலகையைப் பெயர்த்துவிட்டு, பிளாஸ்டிக் பீப்பாயை வெட்டித் துளைகளுக்கு மேல், வாய் பின்பக்கம் பார்த்த மாதிரி கூடு வைத்துவிட்டோம், இப்போது காற்று வருகிறது, அலை வருவதில்லை. மூடியை ஓடும்போதே ஒரு கையால் தூக்குகிறேன்.

இனிதான் முக்கியமான விஷயம். புகை நின்றதைக் கொண்டாட அன்று சாயங்காலம் ஊர் ஆண்கள் கூடி உட்கார்ந்து காவா வேர்ச்சாறு குடிக்கக் கூப்பிட்டும் அப்பா போகவில்லை. நான் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பலகையை எடுக்க மறந்ததற்காக வெட்கப்படுகிறார் என்று நினைத்து, எல்லாருக்கும் வருவதுதான் என்றேன். அதில்லை என்று தலையாட்டிவிட்டு, "புகை நிக்கக்கூடாதுன்னு நெனச்சிட்டேன் தெலேசியா. அது நிக்கலன்னா நீயே கெளம்பிடுவ, நானும் பேத்தியப் பாத்துடலாம்னு" என்றார். சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தார், மடிப்பு கிழிந்துபோயிருந்தது. இத்தனை நாள் எனக்கும் அந்தப் புகைக்கும்தான் சண்டை என்று நினைத்திருந்தேன். கத்தியை வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், வேறென்ன செய்வது.

ஆகவே பதிலைக் கேள். அடுத்த மாதம் அப்பா மட்டும் வருகிறார். உன் சித்தி மகன் சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான், எஞ்சினை நான் பார்த்துக்கொள்வேன், இலைசானேயின் குழந்தைக்கு ஊசி போட வேண்டிய நாளும் வருகிறது, இந்தத் துறையை விட்டு நான் எங்கேயும் வருவதாக இல்லை. அதைப் பற்றி என்னிடம் வாதாடாதே, அழுதும் எழுதாதே. அவருக்கு ரத்த அழுத்த மாத்திரையை நீயே கையில் எடுத்துக்கொடு, போட்டுவிட்டேன் என்பார், நம்பாதே. கொழுப்பு ஆட்டிறைச்சியை அவர் கண்ணில் காட்டாதே. முழங்காலை நல்ல டாக்டரிடம் காட்டு. அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று அவர் சொன்னால் மறைக்காமல் எனக்கு எழுது. நான் கோபப்பட மாட்டேன், படகையும் விடமாட்டேன்.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் முத்தங்கள். ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் உள்ளங்கையில் வைத்துக் காப்பாராக. அப்பாவை அழைக்க விமான நிலையத்துக்குச் சீக்கிரமே போய் நில், ஒரு தடிமனான கோட்டும் கொண்டுபோ, தன்னிடம் இல்லை என்பதைக் கடைசிவரை சொல்ல மாட்டார்.

இப்படிக்கு,
என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
தெலேசியா