பச்சை பெயின்ட் அடித்த செம்புப் பட்டை

அரியலூர்

அன்பு மகள் சிந்தாமணிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகள் பிரவீணாவும் சுகம். உன் இடுப்பு வலி தேவலையா? மாப்பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடறாரா?

போன்ல சொன்னா பதறுவ, அதான் எழுதறேன். பெரிசா ஒண்ணுமில்ல. முந்தாநாள் இடியில, பிரவீணா வேலை பாக்கற சிமெண்ட் ஆலையில கேமரா ரூம் கருகிப்போச்சு. நல்லவேளை, உள்ள யாருமில்ல. எலக்ட்ரீஷியன் ராசாங்கம் பாத்துட்டு, "கேபிள்ல வர்ற இடி இந்தச் செம்புப் பட்டை வழியா மண்ணுக்குள்ள போவணும் ஆயா. எந்தப் புண்ணியவானோ பெயின்ட் அடிச்சு, அதுமேலயே எர்த் வயரை முடுக்கியிருக்கான். பெயின்ட் குறுக்க இருந்தா இடி எப்படி மண்ணுக்குள்ள எறங்கும்?"னாரு.

அந்தப் புண்ணியவதி நான்தான். ஆயுத பூசைக்கு நானும் ஒத்தாசையா போய் ரூமைக் கூட்டிப் பெருக்குனப்ப வயரைக் கழட்டி, பச்சை பெயின்ட் அடிச்சு, காஞ்சதும் மாட்டிப் பொட்டு வச்சேன். பிரவீணா மேடத்தோட அம்மாயின்னு இங்க எல்லாரும் மரியாதையா பேசறாங்க. அஞ்சாங்கிளாசு புத்தியைக் காட்டிட்டான்னு சிரிப்பாங்களேன்னு வாயைத் தெறக்கல. ராசாங்கம் அந்தப் பட்டையை மட்டும் சுரண்டிட்டுப் போயிட்டாரு.

ஊர்லேருந்து வர்றவங்ககிட்ட ரெண்டு படி சின்ன வெங்காயமும் என் பழைய போர்வையும் குடுத்துவிடு. இங்க குடுத்த போர்வையில தூக்கம் புடிக்கல.

சிந்தாமணி, நான் பெயின்ட் அடிச்சது ரெண்டு ரூம்ல. இன்னொண்ணு சுண்ணாம்புச் சுரங்கத்து கேமரா ரூம், அந்தப் பட்டையை இன்னும் யாரும் சுரண்டல. பிரவீணாவுக்கு இன்னிக்கு அங்கதான் டூட்டி. மேக்கால இருட்டிகிட்டு வருது, இடிச் சத்தமும் கேக்குது. நான்தான்னு ராசாங்கத்துகிட்ட சொல்லி, பிள்ளையை வெளிய வரவச்சுட்டுத்தான் மறுவேலை. நிறுத்தறேன்.

அம்மா செங்கமலம்