கூடு இருந்த சவுக்கு

மரத்தூள் சக்கரவர்த்தியே!

காலையிலிருந்து ஒரே காற்று. மேஜைமேல் உன் காக்கைக் கூடு சலசலக்கிறது. நம் அம்பத்தூர் மர மில்லில் அதைக் கட்டிய காக்கை திருடிய கட்டுக்கம்பி உள்ளே மின்னுகிறது. எனக்கோ ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாளைக்குக் கூட்டம். உன் நாற்காலியில் நான்.

காட்டைக் கெடுக்காமல் வெட்டிய மரம் என்று சான்றிதழ் கொடுக்க விதி எழுதும் குழுவில், மர வியாபாரிகள் சார்பாக நீ போய் உட்கார்ந்ததும் எட்டுத் திசை யானைகளும் எழுந்து நின்றன. "கூடு கீற மரத்த வெட்டக் கூடாது" என்றாய். விழுந்த கைதட்டலில் குமணன்சாவடி போக்குவரத்தே ஸ்தம்பித்தது.

அப்புறம் வெள்ளானூரில் உன் சவுக்குத் தோப்பை வெட்டினோம். உன் விதிப்படி, கூடு இருந்த ஒற்றை மரத்தை மட்டும் விட்டாய். நெருக்கத்தில் ஒல்லியாக வளர்ந்தது அது. சுற்றியிருந்த துணை போனதும் மறுநாள் காற்றுக்கே முறிந்தது. முட்டைகள் போயின; நீ எடுத்து வந்த இந்தக் கூடுதான் மிச்சம். அன்றிலிருந்து ஆவடி வட்டாரக் காக்கைகள் மொத்தமும் உன்மேல் படையெடுத்தன. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வாசலில் பல் தேய்த்த மாவீரன் நீ ஒருவன்தான்.

"சிரிக்காத மச்சான். நான் சொன்ன விதிதான் கூட்டைக் கலைச்சுது" என்றாய்.

"அப்போ சுத்தி நாலு மரம் சேத்து உடு."

"நாலு போதுமா? காத்து இன்னா உன்னைக் கேட்டுகினா அடிக்குது? பத்து உட்டா, அரை ஏக்கர் வெச்சுகினு கீறவன் இன்னாத்த விப்பான்? சான்றிதழே வாணாம்னு ஓடிருவான்."

விதியை மாற்றச் சொல்லி மறுபடி குழுவுக்குப் போனாய்.

"தோப்புக்குத் தோப்பு மாறும்னு எழுத முடியாது சார். செக் பண்ண வர்றவருக்கு ஒரு நம்பர் வேணும்" என்றார்கள்.

யோசித்துச் சொல்வதாக வந்தவன், சொல்லாமலே நெஞ்சுவலியில் போய்விட்டாய், அவசரக்காரா!

நாளை அந்த நம்பரை என்னிடம் கேட்பார்கள். ஏழு என்று சொல்லிப் பார்த்தேன். கடலோரத் தோப்புக் காற்று சிரித்தது. பன்னிரண்டு என்றேன், பாரிவாக்கத்து அரை ஏக்கர்காரர் முகம் முன்னால் வந்து நின்றது. உட்கார்ந்தேன், எழுந்தேன். வீட்டுத் தரை என் நடையில் இரண்டு அங்குலம் தேய்ந்துவிட்டது.

கடைசியில் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு போவதென்று முடிவு. "நம்பர் கிடையாது. அந்தந்தத் தோப்பில் நின்று, காற்றைப் பார்த்து முடிவெடுக்க ஒரு வரி எழுதுங்கள்" என்பேன். ஒத்துக்கொள்வார்களா, தெரியாது.

இதோ, மறுபடி காற்று எழும்புகிறது. ஒரு கையால் கூட்டை அமுக்கிக்கொண்டு, மறுகையால் ஜன்னலைத் திறந்து பார்க்கிறேன்: எங்கேயாவது ஒரு மரம் தனியாக நிற்கிறதா என்று.